மழை பேஞ்சா நல்லா வருதுங்க

வாங்க தம்பி, உள்ள வாங்க. ஆமாங்க, இந்த ஊடுதான். கம்ப்ளெய்ன்ட் அவரு பேர்லதான் இருக்கும், நீங்களே படிச்சுக்கங்க. நான் அந்தப் பேரைச் சொல்றதில்லீங்க. ஆமாமா, நீங்க இப்பப் படிச்ச பேருதான், எங்கூட்டுக்காரரு.

ஒரு நிமிசம் தம்பி. பெட்டியில கை வெக்கறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிப்போடறேன். அந்தப் பையில இருக்கறது என்னங்க, புதுப் பெட்டியா? தெரியுமுங்க. போன்ல பேசுன புள்ள சொல்லுச்சு, ஆளு வந்து பழசை எடுத்துட்டுப் புதுசு வெச்சுருவாரும்மான்னு, என்னமோ எனக்குச் சீரு குடுக்கற மாதிரி. வேண்டாமுங்க. அது பையிலயே இருக்கட்டும். சிக்னல் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, இந்தப் பெட்டியை நான் குடுக்க மாட்டேன். இதுக்குள்ள என்ற பையன் இருக்கறான்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. எனக்கு நெனவெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பதிவு பண்ணி வெச்சிருக்கறதைச் சொல்றேன். இந்தப் பெட்டியில புடிச்சது இந்தப் பெட்டியிலதான் ஓடுமாமா, வேறெதுலயும் ஏறாதாமா. உங்களுக்குத் தெரியாததா? முன்னால வந்த ஆளுக ரெண்டு பேருகிட்டயும் கேட்டாச்சு. செல்போன்ல எடுத்து வெச்சுக்கங்கன்னாங்க. எங்கக்கா மக வந்து எடுத்தும் குடுத்தா. படம் கோடு கோடா ஓடுது, சத்தம் கெணத்துக்குள்ளிருந்து வர்ற மாதிரி வருது. அவன் சத்தத்துக்கே வேலை பாத்த பையனுங்க. அவன் சத்தம் அப்படியா கேக்கோணும்? நெட்டுல இருக்கும் சித்தின்னு அவளும் தேடுனா. நிகழ்ச்சி இருக்குது, இவன் பேசுன எடத்தை மட்டும் வெட்டிப்போட்டாங்க. இனி இருக்கறது இது ஒண்ணுதான்.

உக்காருங்க, டீ வெக்கறேன். வேண்டாமா? மோராச்சும் குடிங்க. வெயில் என்னமா அடிக்குது.

என்ன பிரச்சினைன்னு கேக்கறீங்க. அதைத்தான் யாராலயும் சொல்ல முடியல. காலையில நல்லா வருது. மத்தியானம் நல்லா வருது. சாயங்காலம் நான் சீரியலுக்கு உக்காந்தன்னா, பாட்டு முடிஞ்சு கதை ஆரம்பிக்கறக்குள்ள படம் கட்டம் கட்டமா ஒடையுது. அப்பறம் மொகமெல்லாம் இழுத்துட்டுப் போகுது. அப்பறம் நீலமா ஒரு எழுத்து, சிக்னல் இல்லை, கேபிளைச் சரிபாருங்கன்னு. தெனமும் போகுமான்னா, போகாது. ரெண்டு நாள் வரும், மூணாம் நாள் போகும். சித்த நேரத்துல தானா வந்துரும். மறுக்கா நல்லா வரும். அதுக்கு என்ன பேருன்னே தெரியல தம்பி, பேய் புடிச்ச மாதிரி.

மொத வந்த ஆளு, மாடியில இருக்கற டிஷ் குடை திலும்பியிருக்குதுன்னு சொல்லித் திலுப்பி வெச்சுட்டுப் போனாரு. சரியாச்சா? மறுக்காப் போச்சு. அடுத்தாப்ல வந்தவரு, குடைக்கு முன்னால மூக்கு நீட்டிட்டு இருக்குதுல்ல, அதையே மாத்துனாரு. ஊட்டுக்குள்ள ஓடற ஒயரையும் மாத்துனாரு. பக்கத்தூட்டு முருங்க மரம் மறைக்குதுன்னாரு. நான் போய் அந்தம்மாகிட்டக் கெஞ்சி, அவங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு ஒரு கெளைய வெட்டுனாங்க. இப்ப எனக்கு முருங்கக்காயும் இல்லை, பேச்சும் இல்லை. சிக்னல் மட்டும் அதுபாட்டுக்குப் போகுது.

மழைக்குப் போகுதான்னு கேக்கறீங்களா? அதான் அதிசயம். ஊரெல்லாம் மழை பேஞ்சா சிக்னல் போகும். எங்கூட்டுல மழை பேஞ்சா நல்லா வருதுங்க! போன ஐப்பசியில அடை மழை, கரண்டுகூடப் போச்சு, சிக்னல் போகலை. வானம் நல்லா வெறிச்சுன்னு இருக்கற அன்னிக்குத்தான் போகும். நான் சொன்னா முன்னால வந்த ஆளு சிரிக்கறாரு. அப்பறம் எங்கூட்டுக்காரரு உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல மோட்டார் எறக்கோணும்னு போய் அங்கயே ஒரு வாரம் தங்கிட்டாரு. அந்த வாரம் பூரா ஒரு நாளாச்சும் போகோணுமே? ஊகும். இந்தப் பெட்டிக்கே அவரைக் கண்டா ஆகாதாட்ட இருக்குது. எனக்கே சில நாள் ஆகறதில்லை.

அவரைப் பாத்தீங்களா வர்றப்ப? அந்தச் சன்னலுக்கு வெளிய, செவுத்துல சாஞ்சு உக்காந்து ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருப்பாரு பாருங்க. அவருதான். வாங்கன்னு கேட்டிருக்க மாட்டாரு. தலைய மட்டும் ஆட்டியிருப்பாரு. தப்பா எடுத்துக்காதீங்க, என்கிட்டயும் அவ்வளவுதான்.

பம்பு செட் ஃபிட்டருங்க. சிங்காநல்லூர்லிருந்து சூலூர் வரைக்கும் எந்தக் கெணத்துல எந்த மோட்டாருன்னு அவருக்கு மனப்பாடம். குழாய் மரையில வெள்ளை டேப் சுத்துவாங்கல்ல, தண்ணி கசியாம? அது அவரு சட்டைப் பையில எந்நேரமும் இருக்கும். எந்த மரையத் தொறந்தாலும் டேப் சுத்தாம மூட மாட்டாரு. ஊறுகா பாட்டிலுக்கும் சுத்துவாரு தம்பி! சிரிக்காதீங்க, நெசமா. தேங்காயெண்ண டப்பாவுக்கும் சுத்தியிருக்கும். அவசரத்துக்கு ஒரு மூடியைத் தொறக்க முடியாது இந்த ஊட்டுல.

பையனையும் அந்தத் தொழிலுக்கே கூப்புட்டாரு. அவன் வரலை. மகுடீஸ்வரன்னு பேரு. கொடுமுடி சாமிக்கு வேண்டிப் பொறந்தவன், மகுடின்னுதான் கூப்புடுவோம். மெட்ராஸ்ல டப்பிங் பண்ற எடத்துல சவுண்டு வேலைக்குப் போறேன்னான். அதுக்கு இவரு, "மோட்டார் சத்தம் போடாம இருக்கறக்கு நான் வேலை பாக்கறேன், சத்தம் போடறக்குச் சம்பளம் குடுக்கறாங்களாடா உனக்கு?" அப்படின்னாரு. அவனும் சிரிச்சுட்டே, "ஆமாங்ப்பா, உங்களைவிடக் கொஞ்சம் சத்தமா இருக்கற எடம்"னான். அவ்வளவுதான் தம்பி. சண்டையின்னு ஒண்ணும் இல்லை. அன்னிலிருந்து இவரு அவங்கிட்டப் பேசறதை நிறுத்திட்டாரு. அவன் போன் பண்ணா எங்கிட்டத்தான். இவரு பக்கத்துல நின்னுட்டு, "சாப்புட்டானான்னு கேளு"ம்பாரு. நான் கேட்டுச் சொல்லோணும். அவன் அந்தப் பக்கம், "அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்குன்னு கேளும்மா"ம்பான். நான் இதுக்கும் அதுக்கும் ஒயரு மாதிரி நடுவுல நின்னேன்.

இந்தப் பெட்டியை மாட்டச் சொன்னதே அவன்தான். "உன்ற சீரியலைப் பதிவு பண்ணி வெச்சுக்கலாம்மா, அடுப்புல ஏதாச்சும் கருக வேண்டாம்"னு. செகப்புப் பொத்தானை அமுத்தோணும்னு எனக்குக் காட்டிக் குடுத்தான். இவருக்கும் காட்டறேன்னான். "எனக்கு எதுக்கு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னிக்கும் அந்த ரிமோட்டுல அவருக்குச் சத்தம் கூட்டக் கொறைக்கத்தான் தெரியும்.

அப்பறம் ஒரு பொங்கலுக்குப் போன் பண்ணான். "அம்மா, டிவியில என்னைக் காட்டுவாங்க, பதிவு பண்ணி வெய்யி. அப்பாகிட்டச் சொல்லாத, தானாப் பாக்கட்டும்"னு. அப்பன்மாரெல்லாம் ஒரு பக்கம், அப்பன்கிட்டப் பேசப் பயப்படற பசங்க ஒரு பக்கம் உக்காந்து பேசற நிகழ்ச்சி. நான் ரிமோட்டைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு என்ற பையன் மொகம்! கீழ எழுத்து, மகுடீஸ்வரன், கோவைன்னு. அதைப் பாத்து மெய்மறந்து போய், பொத்தானை அமுத்தறக்குள்ள மொத வார்த்தை போயிருச்சு. அதனால பதிவுல "...ப்பா"ன்னுதான் ஆரம்பிக்கும். எங்கப்பான்னு சொல்றானுங்க. "எங்க" போயிருச்சு.

"...ப்பா எங்கிட்டப் பேசி ரெண்டு வருசம் ஆச்சுங்க. கோவமெல்லாம் இல்லீங்க, அவருக்குப் பேச வராது. நான் ஊருக்குப் போனா மறுநாள் காலையில என்ற பைக்கு செயின்ல ஆயில் போட்டிருக்கும். யாரு போட்டதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அவரு பேசவே வேண்டாமுங்க. நான் டிவி பாக்கறப்ப பக்கத்துல வந்து உக்காந்தாப் போதும்."

எல்லாரும் கை தட்டுவாங்க. இவன் வெக்கப்பட்டுக் காதைச் சொறிவான். அப்பறம் மைக்கு வேற புள்ளகிட்டப் போயிரும். அவ்வளவுதான் தம்பி, அவ்வளவேதான்.

இவரு அன்னிக்கு இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தாரு. அவன் மொகத்தைக் காட்டுனதும் எந்திரிச்சாரு. "தொட்டியில தண்ணி இருக்குதான்னு பாத்துட்டு வர்றேன்"னு மாடிக்குப் போயிட்டாரு. பெத்த மகன் டிவியில வர்றான், இவருக்குத் தொட்டி! அவன் என்ன சொன்னான்னே கேக்கலை. எனக்கு அன்னிக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறலை.

அந்த வருசம் புரட்டாசியில மகுடிக்குக் காச்சல். ரூம்ல தனியாக் கெடந்திருக்கறான். சாதாரணக் காச்சல்தாம்மா, கஞ்சி குடிச்சேன்னான். நானும் நம்புனேன். டெங்கு. நாங்க ரயிலேறிப் போய்ச் சேர்றப்ப மூஞ்சியத்தான் காட்டுனாங்க.

...இல்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன். நீங்க உங்க சோலியப் பாருங்க. பெட்டிக்குப் பின்னால எல்லாம் இறுக்கமா இருக்குதா? ஆமா, முன்னால வந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க.

அவரு அழுகலை தம்பி. அதைத்தான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன். எங்கண்ணு முன்னால ஒரு சொட்டு அழுகலை. காரியம் முடிஞ்ச மறுநாளே யாரோ தோட்டத்துல பம்பு நின்னுபோச்சுன்னு ஸ்பேனரை எடுத்துட்டுப் போயிட்டாரு. சொந்தம், ஒறம்பரையெல்லாம் வாயில கை வெச்சுட்டாங்க. எங்கக்கா பொள்ளாச்சிலிருந்து வந்திருந்தவ, கல்லு மனுசன்டி உனக்கு வாச்சிருக்கறதுன்னா. நானும் ஆமான்னேன். வேறென்னத்தைச் சொல்ல? கல்லுதான்.

நான் என்ன பண்ணேன்னா, அந்தப் பதிவைப் போட்டுப் போட்டுப் பாத்தேன். விடிஞ்சா அதான், பொழுது போனா அதான். "...ப்பா எங்கிட்டப் பேசி", "...ப்பா எங்கிட்டப் பேசி". சோறு ஆக்கறதில்லை, தலை சீவறதில்லை. நான் போட்டதும் இவரு எந்திரிச்சுப் போயிருவாரு. ஒரு வாட்டியாச்சும் நின்னு பாக்கோணுமே? அந்தச் சன்னலுக்கு வெளிய போய் உக்காந்து மோட்டாரைப் பிரிப்பாரு. ஒரே மோட்டாரு தம்பி! ரெண்டு வருசமா அதே மோட்டாரைத்தான் பிரிக்கறாரு, மாட்டறாரு, பிரிக்கறாரு. யாரோடதுன்னு கேட்டா ஸ்பேனரைத் தேடுவாரு.

அப்பறம் எங்கக்கா ஒரு நாள் வந்து என்னைப் பாத்துட்டு அழுது, மாரியாத்தா மேல சத்தியம் வாங்கிட்டுப் போனா. இனிமே நானாப் போய் அந்தப் பதிவைப் போடறதில்லைன்னு. சீரியல் பாரு, சாமி பாட்டுக் கேளு, இதை விட்டுருன்னா. நானும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு விட்டுட்டேன். ஒரு மாசம் போடவே இல்லை. பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். சீரியல்தான் பாத்தேன், கதை ஒண்ணும் மனசுல ஏறலை.

அதுக்கப்பறம்தான் இந்தச் சிக்னல் போற சனியன் ஆரம்பிச்சுது.

சிக்னல் போனா என்ன ஆகும்? வேற ஒண்ணும் ஓடாது. பதிவு பண்ணதுதான் ஓடும். நானாப் போடலையே தம்பி, வேற வழியில்லாமத்தான போடறேன்? மாரியாத்தாளுக்கு அது தெரியாதா? அதனால சிக்னல் போற அன்னிக்கு மட்டும் போடுவேன். ஒரு வாட்டி, மிஞ்சினா ரெண்டு வாட்டி. பாத்து முடிச்சு சித்த நேரத்துல சிக்னலும் வந்துரும்.

நெசத்தைச் சொன்னா, சிக்னல் போறதைப் பத்தி எனக்கு வெசனமில்லை. போனா நல்லதுன்னுகூட இருக்கும். பெட்டி சாகப் போகுதோன்னுதான் பயம். அதுக்குத்தான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கச் சொன்னேன். பெட்டி நல்லாருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்.

மாடிக்குப் போறீங்களா? படி அந்தப் பக்கம். குடைகிட்டப் பாக்கறது எல்லாரும் பாத்துட்டாங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு ஒயர் ஜாயின்ட் இருக்குது, யாரும் அங்க போகலை. மழைத் தண்ணி எறங்கக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரரு ஒரு குழாய்த் துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்கறாரு. அவருக்குத்தான் அந்தத் தொட்டின்னா உசுராச்சே. தண்ணி வராத நாள்லயும் சாயங்காலமானா மேல ஏறிப் பாத்துட்டுத்தான் வருவாரு. அதையும் ஒருக்கா பிரிச்சுப் பாருங்க. பாத்துப் போங்க, மூணாவது படி ஆடும்.

...

வந்துட்டீங்களா? இந்தாங்க, மோரு. அட, நீங்க மேல போனதும் போன படம் வந்துருச்சே! என்ன தெளிவா வருது! என்னங்க பண்ணீங்க?

ஜாயின்ட்டா? பெட்டிக்கு ஒண்ணுமில்லைதான? மறுக்கா சொல்லுங்க. பெட்டி நல்லாருக்குது. அப்பா... மாரியாத்தா. உக்காருங்க தம்பி, நீங்க நல்லாருக்கோணும்.

என்ன அது கையில? காட்டுங்க.

டேப்பு. வெள்ளை டேப்பு.

இவ்வளவா? ஒரு கை நெறைய இருக்குதே. ஒயரு ஜாயின்ட்டுல யாராச்சும் தண்ணிக் கொழாய்க்குச் சுத்தறதைச் சுத்துவாங்களா? ...தொறந்து தொறந்து மூடியிருக்கறாங்களா? தொறக்கறப்பெல்லாம் புதுசாச் சுத்தியிருக்குதா? கழட்டுனாச் சிக்னல் போயிருமா, மறுக்கா மாட்டி இறுக்குனா சித்த நேரத்துல வந்துருமா?

எலியில்லை தம்பி. எலி இப்படிச் சுத்தாது. பாருங்க, நுனியை நகத்தால அமுத்தி விட்டிருக்குது. ஊறுகா பாட்டில்ல எப்படி இருக்குமோ அப்படியே.

மெதுவாப் பேசுங்க. சன்னலுக்கு வெளியதான் உக்காந்திருக்கறாரு.

மழை பேஞ்சா மாடிக்கு ஏற முடியாது. உடுமலைக்குப் போன வாரம் ஆளே இல்லை. ஐயோ. என்ற வாயாலயே எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லிட்டு உக்காந்திருக்கறேன் தம்பி, எனக்கு மண்டையில ஏறலை. ரிமோட்டுல தேடிப் போடத் தெரியாது. போட்டுக் குடுன்னு எங்கிட்டக் கேக்க வாய் வராது. நான் போடறதை நிறுத்திட்டேன், அந்த ஒரு மாசம் இந்த மனுசன் என்ன பண்ணியிருப்பாரு? சன்னலுக்கு வெளிய உக்காந்து அந்தப் பாழாப்போன மோட்டாரைப் பிரிச்சு வெச்சுட்டு, உள்ள சத்தம் வருதா, வருதான்னு... நான் கல்லுன்னேன். ஒறம்பரையெல்லாம் கல்லுன்னாங்க, நானும் கூடவே சொன்னேன்.

மகுடி சொன்னான் தம்பி. யாரு போட்டதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாதுன்னு. எத்தனை வாட்டி கேட்டிருப்பேன் அதை. எனக்கு அது பைக்கு செயினுன்னுதான் விளங்குச்சு.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். அழுது முடிச்சுக்கறேன். ரெண்டு வருசமாத் தனியா அழுதேன்னு நெனச்சேன். இந்த ஒரு செவுத்துக்கு அந்தப் பக்கமும் ஒருத்தரு இருந்திருக்கறாரு.

அவருகிட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்க. யாரு சுத்துனதுன்னு கேட்டுறாதீங்க. வெளிய போறப்ப, சிக்னல் சரியாயிருச்சுங்கன்னும் சொல்லாதீங்க. உங்க ஆபீசுக்கு மட்டும் சரியாயிருச்சுன்னு சொல்லிக்கங்க. புதுப் பெட்டியைத் திலுப்பிக் கொண்டு போயிருங்க. இந்த டேப்பு இங்கயே இருக்கட்டும், எங்கிட்டக் குடுங்க.

டிவியை நிறுத்தட்டுமான்னு கேக்கறீங்களா? வேண்டாம், ஓடட்டும். சீரியல் சத்தம் அவருக்கும் கேக்கட்டும். கொஞ்சம் நகந்துக்கங்க தம்பி, அந்தக் கட்டில்ல இருக்கற துணியெல்லாம் எடுத்துப்போடறேன். ரெண்டு பேரு உக்காரோணும்.

ஏனுங்க... ஏனுங்க, உங்களைத்தான். சிக்னல் போயிருச்சுங்க.

...ஆமாங்க, கேக்குது, எனக்கும் கேக்குது. இருந்தாலும் போயிருச்சு. அந்த மோட்டாரை வெச்சுட்டு உள்ள வாங்க. நம்ம பையன் பேசறான்.